அஸ்தினாபுரம் ஏர்லைன்ஸின் பன்னிரண்டாவது விமானம்

1991 ஜூலை 7, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். சர்ச்சில் ஃபேன் ஓடவில்லை, பிரசங்கம் மட்டும் ஓடியது. வந்ததும் லுங்கிக்கு மாறி, பன்னிரண்டாவது விமானத்தின் மூக்கை உப்புத்தாளால் தேய்க்க உட்கார்ந்தேன். ஒரு சாண் நீள மரக்கட்டை. நான்கு இன்ஜின். பதினொன்று அலமாரி மேல் நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனி: அஸ்தினாபுரம் ஏர்லைன்ஸ். முதலாளி, பைலட், பெயின்டர் எல்லாம் நானே. வால் சின்னம்: நம் ஏரியில் மண்டிக்கிடக்கிற ஆகாயத்தாமரைப் பூ. ஊதா. இன்று டைம்டேபிளைத் திருத்தினேன்.

அஸ்தினாபுரம் – கீழ்க்கட்டளை: தினமும்.
மறைமலை நகர்: ஷிப்டு நேரத்துக்கு.
நாகர்கோவில்: மாமியார் வீட்டுக்கு, கிறிஸ்துமஸ் மட்டும்.
வெளிநாடு: இல்லை.

ஸ்டெல்லா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “மஸ்கட்டுக்கு விட மாட்டீங்களா?” ஓடுதளம் பத்தாது என்றேன். சிரித்தாள். போகும்போது டைப் அடித்த கடிதம் ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் ஒன்பது வருடமாக நர்ஸ். மஸ்கட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. கணவனுக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். பேனா கையில்தான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கம்பெனி பஸ் லேட். நாள் பூராவும் பிரேக் டிரம் வரைபடம். கண் எரிச்சல்.

தனசேகர் ஒரு டப்பா லாக்கர் வார்னிஷ் கொண்டுவந்தான். லேத் மிஷினில் வேலை. அவன் சித்தப்பாவுக்குக் கார் பெயின்ட் ஷெட் இருக்கிறது. கீழ்க்கட்டளையில் நெல் போட்ட இடத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்ற குடும்பம். கவலை கிடையாது, கேள்வி மட்டும் உண்டு.

“இன்னா மச்சான், தங்கச்சி எப்போ கெளம்புது?”

பார்க்கலாம் என்றேன்.

“நீ பாத்துகினே இரு. ஏரோப்ளேன் அதும்பாட்டுக்குப் பூடும்.”

பஸ்ஸில் மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 11, வியாழன்

காலை ஐந்தரை. மாடியில் டெக்கால் தாள் போட்டேன், விமானத்தில் ஒட்டுகிற படங்களுக்கு. மறக்காமல் இருக்க:

1. நல்ல பாண்ட் பேப்பர். மேலே கோந்துக் கரைசல், ஒரே பூச்சு. காயவிடு.
2. லாக்கர் இரண்டு பூச்சு.
3. அதன் மேல் எழுத்து, பூ, ஜன்னல். டிராயிங் இங்க், மெல்லிய பேனா.
4. மறுபடி லாக்கர்.
5. வெட்டி, தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிடு. கோந்து கரைந்ததும் படம் வழுக்கிக்கொண்டு வரும். மரத்தில் ஏற்று.

தாள் காய்கிற நேரத்தில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று வீட்டு மேல் போனது. சக்கரங்கள் தெரிந்தன. உள்ளே யாரோ ஒரு பெண் கண்ணாடியில் நெற்றியை வைத்து, கீழே மொட்டைமாடியில் வெள்ளைத் தாள் காயவைக்கிற ஆளைப் பார்த்திருக்கலாம். வெகுநேரம் அப்படியே நின்றேன். பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பன்னிரண்டு விமானம் செய்தவன் ஒன்றிலும் ஏறியதில்லை. எனக்கு முன்னால் அவள் ஏறப்போகிறாள். பொறாமையும் இருக்கிறது, இல்லை என்று இங்கேயாவது பொய் எழுத வேண்டாம்.

ஜூலை 14, ஞாயிறு

மேகமூட்டம். சர்ச்சுக்குப் போகவில்லை, தலைவலி என்று சொன்னேன். ஸ்டெல்லா போனாள்.

ஜன்னல் வரிசை வெட்டி மிதக்கவிட்டேன். இடது பக்கம் அருமையாக உட்கார்ந்தது. பெயரும் உட்கார்ந்தது. படம் கழன்ற தாள்துண்டு ஒன்று தட்டில் புரண்டது. பின்பக்கம் டைப் எழுத்து. ‘ஹஸ்பண்ட்’ என்று பாதி. இன்னொன்றைத் திருப்பினேன். ‘நோ அப்ஜெ’.

மேஜையில் கவிழ்ந்து கிடந்த அந்தக் கடிதத்தின் முதுகில்தான் கோந்து பூசியிருக்கிறேன். அதன் மேல்தான் மூன்று நாள் வேலை.

தவறுதலாக என்று சொல்லலாம். ஆனால் பதினான்கு வருடமாகத் தாளோடு வாழ்கிறவன் நான். டைப் அடித்த தாளில் குழி இருக்கும், விரலுக்குத் தெரியும். தெரியவில்லையா, தெரிந்ததா? இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

ஸ்டெல்லா திரும்பி வந்தபோது தட்டை ஒளிக்கவில்லை. சேலை மாற்றாமல் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏஜெண்ட் ஆபீஸில் கொடுக்க வேண்டிய கடிதம்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. போடறேன் போடறேன்னு சொல்லாதீங்க.”

 

ஜூலை 15, திங்கள்

மழை வரும்போல் இருந்து வரவில்லை. அவள் நைட் டியூட்டியிலிருந்து வருமுன்பே நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். டிபன் பாக்ஸில் ராத்திரியே கட்டிவைத்த எலுமிச்சை சாதம். கோபத்திலும் அப்பளம் வைத்திருந்தாள்.

நாள் பூராவும் ஒரு கோடு நேராக வரவில்லை. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். குழந்தை இல்லாத வீடு, சத்தமெல்லாம் அவளுடையதுதான். பயமாக இருந்தது. அவள் போகாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற வீட்டையும் நினைத்தேன். அது அதைவிடப் பயம்.

ஜூலை 16, செவ்வாய்

லீவு போட்டேன். டைப் கடைக்குப் போகவில்லை. மேஜையைத் துடைத்து, புதுத் தாள் இரண்டு. முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டேன்.

முதல் தாள் இங்கிலீஷில், வரைபடத் தலைப்புக்குப் போடுகிற பெரிய எழுத்தில். கணவனாகிய எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கீழே கையெழுத்து, தேதி. ஒன்றரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது தமிழில், சாதாரணக் கையெழுத்தில்: ‘ஸ்டெல்லா, எனக்கு ஆட்சேபணை உண்டு. நிறைய உண்டு. நீ போய்ட்டு வா.’

எட்டே முக்காலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல், யூனிஃபார்மோடு நின்றபடியே இரண்டையும் படித்தாள். முதல் தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்தாள். இரண்டாவதை மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டாள். பிறகு மேஜையில் என் முன்னால் வைத்து, பேனாவை நகர்த்தினாள்.

“இதுலயும் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன்.