மாரியம்மாளின் மன்னிப்புக் கடிதம்

இன்று காலை மில் வாசலில் பசை வாடை அடித்தது. அறிவிப்புப் பலகையில் அந்த வாடை வந்தால், என்னைக் கிழித்து நீங்கள் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் பதறிப்போய்ப் பார்த்தேன். உங்கள் படம். ஷிப்ட் மாறும் நேரத்தில் இரங்கல் கூட்டம் என்று போட்டிருந்தார்கள். நீங்கள் போய்ப் பத்து நாளாகிவிட்டது தலைவரே. திட்டுவதற்கு ஆளில்லாத மேனேஜராக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் சங்கத்துச் செயலாளர். வாசல் கூட்டத்தில் மைக்கில் என்னை வறுத்தெடுத்துவிட்டு, நேராக என் அறைக்கே வருவீர்கள். "தொண்டை கட்டிக்கிருச்சு சார், கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க" என்பீர்கள். எரிச்சலோடுதான் கொடுப்பேன்.

வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வந்தால் நம் மில் பெண்கள் தங்களுக்குள்ளேயே ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள். தீச்சட்டி எடுக்கப் போனவளின் மெஷினில் இன்னொருத்தி நிற்பாள். பதிவேட்டில் போனவள் பெயரே இருக்கும். மெஷின் மெஷினாகப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிடுவேன்.

ஒரு வருடம் மாரியம்மாளின் மெஷினில் பஞ்சு தீப்பிடித்தது. அவளுக்குப் பதிலாக நின்றவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்; அது எனக்கு அப்போது தெரியாது. பதிவேட்டைப் பார்த்து மாரியம்மாளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தேன். அன்று மாலை என் மனைவி, "உங்க மில்லு மாரியம்மா கோயில்ல சட்டியோட வந்தா, பாத்தேன்" என்றாள். அவள் மில்லிலேயே இல்லை என்று அப்போது புரிந்துவிட்டது. ஆனாலும் உத்தரவை மாற்றவில்லை.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். "விசாரணையில நெசத்தச் சொன்னா, பதிலுக்கு நின்ன பிள்ளைக்கும் வேலை போகும், உங்களுக்கும் போகும். மாரியம்மா மன்னிப்புக் கடுதாசி குடுப்பா. வாங்கிக்கிட்டு வேலையக் குடுங்க."

மெஷினை விட்டுப் போனது தன் தவறுதான் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "தப்பு பண்ணாதவ போட்டிருக்கா சார். அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு நாள்கூட மெஷினருகே போய்ப் பார்க்காமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் மாரியம்மாள் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மைக்கில் எதை எதையோ சொல்லித் திட்டிய நீங்கள், இதை மட்டும் ஒருநாளும் எடுக்கவில்லை.

இன்று கூட்டம் முடிந்ததும் அவளிடம் போனேன். "அன்னைக்கு தப்பு என்மேலதான் மாரியம்மா. தெரிஞ்சேதான் உன்கிட்ட அந்தக் கடுதாசிய வாங்கினேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும் சார். 'அவரு ஒரு நா தானா வந்து சொல்லுவாரு, நீயாப் போயிக் கேட்டுறாத, மனுசன் கூசிப்போவாரு'ன்னு தலைவர் அப்பவே சொன்னாக."

இதை முன்பே அறிந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை நம்பியிருக்கிறீர்கள்.

சொல்லிவிட்டேன் தலைவரே. அதை உங்களிடம் வந்து சொல்லத்தான் வழியில்லை.