பொதுச் சுவர்

ஆடி 3, வியாழன்

காலையிலிருந்தே காற்று, புழுதி. பட்டாசு ஷெட் சோதனை. எட்டு அறை, அறைக்கு இரண்டு கதவு, வெளிப்பக்கம் திறப்பவை. தாழ்ப்பாள் கிடையாது. மேலே லேசான தகரம். எல்லாம் சரி.

பத்தரைக்கு ஒரு உறுமல். தரை குலுங்கியது. பழக்கியிருந்தபடி அத்தனை பேரும் வெளியே. எந்த அறை வெடித்தது? புகையே இல்லை. பக்கத்துக் கம்பெனி என்று நினைத்தோம். அவர்கள் எங்களை நினைத்திருக்கிறார்கள். அதற்குள் அச்சங்குளம் ஊரே அழுதுகொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டது. அவரவர் ஆளைக் கண்டதும் கட்டிக்கொண்டார்கள். என்னைத் தேட யார்? மனைவி மைமூன் மௌத்தாகி இரண்டு வருஷம். ஃபோர்மேன் தோரணையில் ஆட்களை எண்ணுவதுபோல் நின்றேன்.

வீட்டில், பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்கும் எனக்கும் பொதுவான சுவரில் வெடிப்பு. விரல் நுழைகிறது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம். வெடிச் சத்தம் கேட்டால் தீப்பொறி உள்ளே வராமலிருக்க இங்கே அப்படித்தான் செய்வார்கள்.

ஆடி 5, சனி

பேப்பரில் நான்கு வரி. லேசான நில அதிர்ச்சி. டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். "நம்மூருல வெடிமருந்துதான் ஆட்டும், பூமியா ஆட்டும்?" என்றார் கடைக்காரர். ஏதோ ஒரு கம்பெனி விபத்தை அமுக்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மண் சுவர். மேலே கனத்த பலகைக்கல். ஒரே கதவு. பட்டாசுக்குச் செய்கிற மரியாதையை மனுஷருக்குச் செய்யவில்லை. வீட்டுக்காரர் வெடிப்பில் சுண்ணாம்பு பூசித் தருகிறாராம்.

ஆடி 6, ஞாயிறு

மறுபடி ஆடினால் வெட்டவெளிக்கு ஓடி வா என்று பேச்சியிடம் சொன்னேன். மாட்டாளாம். வெடி விபத்தில் அவள் புருஷன் வெளியே ஓடினபோதுதான் தீப்பிடித்துச் செத்தார். அப்படியானால் மல்லாங்கிணற்றில் அண்ணன் வீட்டுக்குப் போ, அங்கே கீற்றுக் கூரை என்றேன்.

"நீங்களும் காலி பண்ணுவீகன்னா சொல்லுங்க அண்ணாச்சி, நான் போறேன்."

கம்பெனியில் அறை தருகிறார்கள் என்றேன். பச்சைப் பொய்.

ஆடி 9, புதன்

பேச்சியின் அண்ணன் வண்டியோடு வந்தார். பானை, மணை, ஒரு டிரங்குப் பெட்டி. அவ்வளவுதான் அவள் வீடு. உங்கள் சாமான் எப்போது ஏற்றுகிறீர்கள் என்று கேட்டாள். நாளைக்கு என்றேன்.

ஆடி 11, வெள்ளி

வெயில். இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம். சீசன் ஆர்டர் நெருக்குகிறது, ஜும்ஆ தொழுகைக்குப் போகவில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு, உப்பு. வேறு வீடு பார்க்க வேண்டும். மனசு வரவில்லை. அவள் இருமுவது, அரிசி களைவது எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். இத்தனை நாள் அதுதான் எனக்குத் துணை என்று இப்போது தெரிகிறது.

ஆடி 13, ஞாயிறு

மழை இல்லை. துணி துவைத்தேன். பிற்பகல் மறுபடி குலுங்கியது. வெளியே பாய்ந்தேன். பின்னால் பொதுச் சுவர் சரிந்தது, பலகைக்கல்லெல்லாம் அவள் பக்கமாக. ஓடிப் போய் அவள் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். பேச்சி, வெளியே வா, வெளியே வா.

கதவில் தொங்கிய பூட்டு கையில் இடித்து ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.