ஜானிஸ் கையெழுத்துப் போட்ட தாள்

பிளீட்வுட்,
பிப்ரவரி 9, திங்கட்கிழமை.

அன்புள்ள ஜானிஸுக்கு,

நீயும் உன் அக்கா லிண்டாவும் அவள் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்காட்லாந்தில் உங்கள் ஓபன் ஊர்ப் பக்கம் பனி விழுவதாக ரேடியோவில் சொன்னார்கள். படகுத்துறைப் பக்கம் நடக்கப் போனால் அந்தப் பழைய காலணியைப் போடாதே, அடிப்பாகம் தேய்ந்துவிட்டது. இங்கே பனி இல்லை. காற்று மட்டும் கடலிலிருந்து ஓயாமல் அடிக்கிறது.

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. பின்பக்கக் கூரைத் தண்ணீர்க் குழாய் ஜனவரி காற்றில் கழன்று தொங்கியது. நானே ஏணி வைத்துக் கட்டிவிட்டேன். எதிர்வீட்டு டோரீன் பிளம் வாரம் ஒருமுறை உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்த பாத்திரத்தைக் கொண்டுவந்து தருகிறாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்பதில்லை. பாத்திரத்தைத் திருப்பி வாங்கும்போது உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். உன் அறையில் ஜன்னலோரம் ஈரம் கண்டிருக்கிறது, அதற்கு மட்டும் தினம் கொஞ்ச நேரம் ஹீட்டர் போடுகிறேன்.

பள்ளிக்கூடத்து முன்னால் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்க விடும் வேலைக்கு, உன் இடத்தில் ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். ரோந்து போகிற போலீஸ்காரர் மாதிரி நடக்கிறார். பிள்ளைகளின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. போன வாரம் ஒரு சின்னப் பெண் என்னை நிறுத்தி, ஜானிஸ் மிஸ் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவு நாளா என்றாள்.

இதற்குமேல் ஊர்க்கதை எழுதினால் எழுத வந்ததை எழுதாமல் உறை ஒட்டிவிடுவேன். ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் அப்படிப் போய் அடுப்பில் விழுந்தன. போனில் சொல்லலாம் என்றால் எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே இதை உட்கார்ந்து படி.

பிஸ்கட் ஆலையை மூடி எங்களை அனுப்பிய அந்த மார்ச் மாதத்தில் டிவி லைசென்ஸை நிறுத்தச் சொன்னவன் நான்தான். வருஷாவருஷம் டிவிக்குக் கட்டுகிற அந்தப் பணம் வீண் என்றேன். கூரையில் இருந்த ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிச் சுருட்டிக் கொல்லைக் கொட்டகையில் போட்டேன். இனிமேல் எல்லாம் இணையத்தில் வருகிறது, கம்பி இல்லாத வீட்டுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கிளப்பில் பத்துப் பேர் முன்னால் சட்டம் பேசினேன். அவர்கள் தலையாட்டியதும் எனக்கு ஒரு கிறக்கம். வேலை போனவனுக்கு அந்தத் தலையாட்டல்தான் மிச்சம்.

நீ லைசென்ஸ் ஆபீஸ் அனுப்பிய கடுதாசியை முழுதாகப் படித்தவள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கீத், பழைய படத்தை அப்புறமாப் பாத்தா வேண்டாமாம். ஆனா நடக்கறப்பவே நேரலையாப் பாத்தா, டிவியோ லேப்டாப்போ போனோ, எதுல பாத்தாலும் வேணுமாம். நீ கிரிக்கெட் அப்படித்தானே பாக்கற?" என்றாய். அது மனுஷனைப் பயமுறுத்தப் போடுவது, அதையெல்லாம் ஊரில் எவன் பார்க்கிறான் என்று நான் சிரித்தேன். நீ இன்னொரு தடவையும் சொன்னாய். நான் குரலை உயர்த்தினேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் ஜெயித்த வாக்குவாதங்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

இனி ஜூன் மாதத்து அந்த வியாழக்கிழமை. கிளப்புக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளிக்கதவு சாத்தும் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். தெருமுனை வரைகூடப் போகவில்லை, வானம் இருண்டது. மழைக்கு முன்னே திரும்பி, பின்சந்து வழியாக வந்தேன். நீ கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய், என் பக்கம் உன் முதுகு. நான் கூப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டேன். கூப்பிட்டால் துணி மடிக்கச் சொல்வாய் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பின்னறையில் உட்கார்ந்து டேப்லட்டில் கிரிக்கெட் போட்டுக்கொண்டேன். லண்டனில் நல்ல வெயில், ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நேரலைதான், ஜானிஸ்.

அரைமணி கழித்து யாரோ கதவைத் தட்டினார்கள். லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக ஒரு வாலிபன் குரல். மழை கொட்டுகிறது, உள்ளே வாருங்கள் என்றாய் நீ. நான் எழுந்து வந்து மாடிப்படியின் மேல்படியில் நின்றேன், காலடியில் பலகை முனகியது. இறங்கத்தான் வந்தேன். அதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க மாட்டேன், ஆனால் இறங்கத்தான் வந்தேன்.

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். இங்கே யாராவது எந்தக் கருவியிலாவது நேரலையாக நிகழ்ச்சி பார்க்கிறார்களா என்றான். பொய் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள், நானும் அதைத்தான் செய்திருப்பேன். நீ "பாக்கறோம்" என்றாய். யார் யார் என்று அவன் கேட்டான். கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு நீ,

"பாக்கறேன்னு எழுதிக்கோங்க. நான்தான்" என்றாய்.

லைசென்ஸ் வேண்டும் என்பது தெரியுமா என்று அடுத்துக் கேட்டான். தெரியும் என்றாய். என் கை கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது. பதின்மூன்று படிகள். அவன் எழுதியதை மெல்ல வாசித்துக் காட்டினான், நீ கையெழுத்துப் போட்டாய், பேனா கீறுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓர் ஆளைக் கண்டு பயந்து நான் அப்படி நின்றேன் என்றால்கூட ஏதோ ஒரு நியாயம் இருக்கும். அவன் சின்னப் பையன், மழையில் நனைந்து வந்தவன். கிளப்பில் நான் பேசிய சட்டமெல்லாம் பொய்யென்று உன் முன்னால் ஆகிவிடுமே என்றுதான் நின்றேன்.

அவன் போனதும் நீ சமையலறைக்குள் போனாய். நான் பூனைபோல் இறங்கி, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்து சத்தமாகச் சாத்தினேன், அப்போதுதான் வருகிறவன் மாதிரி. நீ வந்து விஷயத்தைச் சொன்னாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். எதற்கு அவனை உள்ளே விட்டாய், எதற்குக் கையெழுத்துப் போட்டாய், ஒருநாள் நான் வீட்டில் இல்லாவிட்டால் இப்படியா என்று திட்டினேன். வீட்டில் இல்லாவிட்டால் என்று சொன்னேன், ஜானிஸ். அந்த வாயால்தான் அன்று ராத்திரி சூப் குடித்தேன்.

செப்டம்பரில் கோர்ட் காகிதம் உன் பெயருக்கு வந்தது. யார் கதவைத் திறந்தார்களோ, யார் ஒத்துக்கொண்டார்களோ அவர்கள் பெயருக்குத்தான் வரும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் நீ குறி போட்டாய். காரணம் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று எழுது, இரக்கப்படுவார்கள் என்றேன். நீ எழுதவில்லை. "வேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது" என்று ஒரே வரி எழுதி ஒட்டினாய். உன் முகத்தைப் பார்க்காமலே, யாரோ ஒரு நீதிபதி எங்கேயோ ஓர் அறையில் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார். அபராதம் வந்தது, கட்டினோம். அது முடிந்த கதை.

முடியாதது மற்றது. பள்ளி நிர்வாகக் குழுவில் உன்னைச் சேர்க்கத் தலைமையாசிரியை கேட்டிருந்தார். பத்தொன்பது வருஷம் மழையில் நின்றதற்குக் கிடைத்த மரியாதை என்று நீ உன் நீலச் சட்டையைக்கூடத் தைக்கக் கொடுத்திருந்தாய். தீர்ப்பு வந்த மறுநாள் அவரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். விலகச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு தடையே இல்லை என்று அவர் எவ்வளவோ சொன்னாராம். "பிள்ளைங்ககிட்ட நில்லுன்னு சொல்றவ நான். எனக்கே நிக்கத் தெரியலன்னா எப்படி?" என்றாயாம். அவரே இதை என்னிடம் சொன்னார். நவம்பரில் கையில் பிடிக்கும் நிறுத்தப் பலகையையும் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டாய். அதற்கடுத்த வாரம் இரண்டு வாரத்துக்கு என்று சொல்லி ஓபனுக்கு ரயில் ஏறினாய்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் மழையில் நன்றாக நனைந்து வந்தேன். கோட்டை ஆணியில் மாட்டினேன். சற்று நேரத்தில் தரையெல்லாம் தண்ணீர். நனைந்த கோட்டுக்குக் கீழே நீ எப்போதும் பழைய செய்தித்தாள் விரிப்பாயே, அது விரிக்க ஆள் இல்லை. துடைக்கத் துணி எடுத்துக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வியாழக்கிழமையும் நீ செய்தித்தாளோடுதான் வந்தாய். என் கோட்டை வாங்கினாய். உன் கை ஒருமுறை அதன் தோள்பட்டையைத் தடவியது. பிறகு செய்தித்தாளை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாய்.

வெளியே அப்படி ஒரு மழை. என் கோட்டில் ஒரு சொட்டு இல்லை.

அப்படியென்றால் நான் திட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் உனக்குத் தெரியும். ஒருவேளை அதற்கும் முன்னாலேயே, மேலே பலகை முனகியபோதே தெரிந்துதான் "பாக்கறோம்" என்பதை மாற்றினாயோ? நான் இறங்கி வர அவ்வளவு நேரம் இடம் விட்டாயோ? ஐந்து மாதம் நான் சொல்வேன் என்று எதிரே உட்கார்ந்திருந்தாயோ? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனால் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரியில் பிரெஸ்டன் கோர்ட் ஆபீஸுக்குப் போனேன். மேசையில் இருந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தது நான், நிறுத்தியது நான், என் பெயருக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் முழுதும் கேட்டார். "இது கரண்ட் பில் இல்ல சார், பேர் மாத்தித் தர. அவங்களும் பாத்தேன்னு ஒத்துக்கிட்டாங்க, முடிஞ்சிபோச்சு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார்.

கிளப்பிலும் சொன்னேன். மாடிப்படி உட்பட எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. டெர்ரி கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். என் பேச்சைக் கேட்டு லைசென்ஸை நிறுத்தியவர்கள் உடனே கட்டுங்கள் என்றேன். டோரீனுக்கும் போய்ச் சொன்னேன். "உன் பேச்ச நான் என்னிக்குக் கேட்டேன்? நான் கட்டிக்கிட்டுதான் இருக்கேன். ஜானிஸ்தான் பாவம், உன்னக் கட்டிக்கிட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் கறிப் பாத்திரம் வந்தது.

லைசென்ஸ் இப்போது இருக்கிறது. டிவியைப் போடுவதில்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை காகிதத்தில் சின்னதாக இருந்தது, அடித்துவிட்டேன். மேலே அடித்த வரி அதுதான். திரும்பி வா என்றும் எழுதவில்லை. ஓபனில் உனக்கு மூச்சு நன்றாக வருகிறது என்று லிண்டா சொன்னாள். அந்தக் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளட்டும், முழங்கால் வலி குறையட்டும், அங்கே உன்னை யாரும் எதற்கும் காத்திருக்க வைக்காமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்யும்போது லிண்டாதான் எடுக்கிறாள். அவள் பேசத் தொடங்குமுன் தூரத்தில் உன் குரல், யாரது என்று கேட்கும். அவள் "கீத்" என்பாள். பிறகு சத்தம் இருக்காது. போன இரண்டு ஞாயிறும் நீ கேட்கவில்லை. என்னோடு பேச வேண்டாம், ஜானிஸ். யாரது என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் கணவன்,
கீத்.