இரண்டாவது தடவை விழுந்தது

அன்புள்ள ரூபிலெட்,

கர்த்தர் கிருபையில் இருக்கிறேன். வால்பாறையில் மழை தொடங்கிவிட்டதா? நம் மகள் ஃபெபாவுக்கு இருமல் நின்றதா? போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் கத்திரி வெயில். விடுதிக்கு வருகிறவர்கள் பேட்டரி சைக்கிளில் ஆற்றங்கரைக் கிராமங்களைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்ப்பார்கள். வழிகாட்டும் எனக்குச் சாதாரண சைக்கிள்தான். "பேட்டரி வண்டி விருந்தாளிக்குத்தாம்லே. நீ மிதிச்சுட்டு முன்னால போ, அவங்க பைய வருவாங்க" என்பார் முதலாளி அண்ணாச்சி.

நேற்று வந்த நான்கு பேர் பைய வரவில்லை. பின்னாலேயே மணியடித்து விரட்டினார்கள். வாய்க்கால் மேட்டில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அறுத்த வயலுக்குள் விழுந்தேன். அவர்களில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "அண்ணா, வீடியோ சரியா வரல. இன்னொரு தடவை விழுறீங்களா?" என்று கேட்டாள். விருந்தாளியிடம் முடியாது என்று சொன்னால் இங்கே வேலை இருக்காது. விழுந்தேன். பிறகுதான் பாட்டிலைத் தந்தாள். முட்டியில் அடிபட்டதும் இரண்டாவது தடவைதான். பயப்படாதே, நடக்கிறேன்.

அந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். இனி வருகிற எல்லாருக்காகவும் நான் அதே இடத்தில் விழ வேண்டுமாம்.

நீ தைத்த நீலச் சட்டை கிழிந்துவிட்டது. முழுக்கை வைத்து இன்னொன்று தைத்து அனுப்பு. கீழே மணியடிக்கிறார்கள், கிளம்புகிறேன். தொப்பி மறைத்ததால் வீடியோவில் முகம் தெரியாது. ஃபெபா எங்காவது பார்த்துச் சிரித்தால், நீயும் சேர்ந்து சிரித்துவிடு.

உன்
ஞானசிங்