செவ்வரக்கும் உருக்கெண்ணெயும்

நலம் பெருகுக. வெண்குன்ற நாட்டின் ஏழு கோட்டமும் மழை தவறாது, விளைவு குறையாது, குடி குன்றாது நிலைபெறுக. பன்னிரண்டு ஆண்டாகக் கணவரின் அரியணையைத் தனித்துக் காத்துவரும் கோப்பெருந்தேவி நிலமுடையாள் நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் காரிச்சாத்தன், நுரையாற்றின் தென்கரையில் படையோடு பாசறை இறங்கியிருக்கும் இளவரசர் விடங்கதேவருக்கு எழுதும் திருமுகம். தேவரீர் தோள்வலி ஓங்குக. உடன் நிற்கும் வீரர் யாவரும் அவரவர் தாய் கண்டு மகிழ வீடு சேர்க.

ஆழ்கரை மன்னரை மணந்து நான்கு ஆண்டு அந்நாட்டு அரசியாக வாழ்ந்த தங்கள் தமக்கையார் தேமொழிநங்கையார் இப்புரட்டாசித் திங்களில் மறைந்ததும், அவரோடு இங்கிருந்து சென்ற ஒப்பனைப் பெண் சேந்தி, அம்மையாரின் ஒப்பனைப் பேழையைத் தாயிடம் சேர்க்க வரும் வழியில் தங்கள் காவலரிடம் அகப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. அவள் இதழ்ப்பூச்சில் நஞ்சு கலந்து தமக்கையாரைக் கொன்றாள், அதுவும் ஆழ்கரை மன்னர் ஏவிக் கொன்றாள், ஆதலால் அவள் தலையை வாங்கவும் ஆற்றைக் கடக்கவும் ஒரே முத்திரையில் ஆணை வேண்டும் என்று தாங்கள் எழுதிய ஓலை, விலங்கிட்ட அப்பெண்ணோடும் பேழையோடும் இங்கு வந்து இன்றோடு ஐந்து நாள். மறுமொழி தாமதித்ததற்குத் தாங்கள் சினந்திருப்பீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரார் சொல்லும் பழமொழியை இளவரசர்மேல் ஏற்றிச் சொல்ல இந்த ஓலைநாயகத்துக்கு வாயில்லை. எழுத்தாணி மட்டுமே உண்டு. தாமதத்தின் காரணத்தை முழுதும் எழுதுமாறு திருவாணை. எனவே எழுதுகிறான்.

பேழைக்குள் தாங்கள் கண்டெடுத்த ஏடு முதல் நாளே அவையில் படிக்கப்பட்டது. கோணல் எழுத்து, ஆனால் தெளிவான எழுத்து. 'செவ்வரக்கு, இரண்டாம் நாள், ரத்தம்' என்று ஒரு வரி. 'நல்லெண்ணெய், வாந்தி' என்று ஒரு வரி. 'பயற்றமாவு, அழுதார்' என்று ஒன்று. 'செம்பஞ்சு, மோர் குடித்ததும் போயிற்று' என்று மற்றொன்று. இந்தப் 'போயிற்று' என்ற சொல்லைத் தாங்கள் உயிர் போயிற்று என்றே கொண்டு, எத்தனை பேருக்கு மோரில் கொடுத்துப் பழகினாளோ என்று எழுதியிருந்தீர்கள். அவையில் இருந்தோரும் அப்படியே கொண்டார்கள். பொய் சொல்வானேன், படித்த இந்த ஓலைநாயகமும் அப்படியே கொண்டான்.

சேந்தியைக் கேட்டபோது, அவை உதட்டுக்குப் பூசிய மெழுகுகளும் அதைத் துடைத்த பொருள்களும் என்றாள். ஏன் இத்தனை என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. அம்மையாரிடம் சத்தியம் செய்திருக்கிறேன் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தலையை எடுங்கள் என்று மந்திரிமார் ஒருமுகமாகச் சொன்னார்கள். அப்போது பெருந்தேவியார், நஞ்சுதான் என்றால் பெற்றவள் முதலில் அறியட்டும் என்று அருளி, பேழையைத் தம் மடியில் வாங்கிக்கொண்டார்.

தாங்கள் சிறு பிள்ளையாக இருந்த நாள்முதல் தாயாரின் வெறும் நெற்றியையும் வெண்பட்டையும் மட்டுமே கண்டவர். மன்னர் மறைந்தபின் பூவையும் பொட்டையும் கையால் தொடாதவர், நிறைந்த அவையில் நாளுக்கு ஒரு மெழுகாக நான்கு நாள் உதடு சிவக்க அமர்ந்திருந்தார். கைம்பெண் உதட்டில் சிவப்பா என்று ஊர் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும் என்று விட்டுவிட்டார். பூசிவிட்டதும் மாலையில் களைந்துவிட்டதும் சேந்திதான். அதற்காக அவளுடைய வலக்கை விலங்கு மட்டும் அவிழ்க்கப்பட்டது.

முதல் நாள், தேன்மெழுகில் செம்பஞ்சுக் குழம்பு இழைத்தது. பூசியதும் மணப்பெண் உதடுபோல் ஒளிர்ந்தது. நண்பகலில் பெருந்தேவியார் ஒரு வாய் மோர் அருந்தினார். சிவப்பு முழுவதும் கிண்ணத்தின் விளிம்போடு போயிற்று. ஏட்டில் இருந்த அந்தச் சொல் எதைக் குறித்தது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது, ஒருவரும் நிமிரவில்லை. இரண்டாம் நாள், தேங்காயெண்ணெயில் செஞ்சந்தனம். பார்வைக்கு உயிருள்ள உதட்டின் நிறமே அதற்கு உண்டு, ஆனால் வெயில் ஏறியதும் உருகி முகவாய்க்கு இறங்கியது. வெற்றிலை மென்று துப்பத் தெரியாதவள்போல் இருக்கிறேன் என்று பெருந்தேவியாரே சொல்லித் துடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், பசுநெய்யில் மஞ்சிட்டி வேர். வெடிப்பை ஆற்றும், எரிச்சல் இல்லை, நிறம்தான் செங்கல் பொடிபோல் மங்கல். நான்காம் நாள் செவ்வரக்கு. காலையில் பூசியது விளக்கு வைக்கும் வரை உண்டாலும் பேசினாலும் அசையவில்லை. அன்று பிற்பகல் பெருந்தேவியார் அழுதார், அதற்கும் அசையவில்லை.

நாட்பட்டுக் கொல்லும் நஞ்சு நான்கு நாளில் தெரியாது என்று மருத்துவர் பெருநாதர் எச்சரித்தார். அது உண்மையே. பெருந்தேவியார் உண்மை அறிந்தது பூசிய மெழுகால் அன்று, களைந்த கையால்.

களைவதற்கும் பேழையில் நான்கு பொருள் இருந்தன. முதல் மாலை பயற்றமாவு, அது உதட்டில் மணல்போல் உறுத்தியது. இரண்டாம் மாலை பாலாடையும் வெள்ளரிச் சாறும், குளிர்ச்சிக்குக் குறைவில்லை, சிவப்பில் பாதி அப்படியே நின்றது. மூன்றாம் மாலை நல்லெண்ணெய், நன்றாகவே எடுத்தது, மணம்தான் மூக்கில் ஏறியது. நோயாளிக்கு அது குமட்டும் என்று மருத்துவரே சொன்னார். நான்காம் மாலை செவ்வரக்கைக் களையச் சேந்தி ஒரு சிறு செப்பைத் திறந்தாள். தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய். பச்சைக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய். அந்த மணம் வந்ததும் பெருந்தேவியார் கண்ணை மூடிக்கொண்டார், தங்கள் இருவரையும் அவர் அதைத் தேய்த்து வளர்த்தவராயிற்றே.

சேந்தி மெல்லிய துணியை வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்து உதட்டின்மேல் வைத்தாள். தேய்க்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. மனத்துக்குள் எதையோ எண்ணியபடி காத்திருந்தாள். பிறகு துணியைப் பூவிதழ் பிரிப்பதுபோல் ஓர் ஓரத்திலிருந்து தூக்கினாள். நாம் நலமாகத்தானே இருக்கிறோம், தேய்த்து எடுத்தால் விரைவில் போகுமே, ஏன் காத்திருக்கிறாய் என்று பெருந்தேவியார் வினவியருளினார். அவள் சொன்ன மறுமொழியைத் திருத்தாமல் அவள் வாய்மொழியாகவே எழுதப் பணித்தார்.

"தேய்ச்சா ரத்தம் வந்துடும் தாயே. அவங்க உதடு அப்படி வறண்டு போயிருந்துச்சு. இருபது எண்ணுற வரைக்கும் எண்ணெய் ஊறணும். உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரியும் தாயே, கைதான் கேக்க மாட்டேங்குது. பழகிப்போச்சு."

சொன்னபின்தான் தான் சொல்லிவிட்டதை உணர்ந்தாள். துணியைக் கீழே போட்டுவிட்டு விம்மி அழுதாள். கொல்ல நினைத்த கை இருபது எண்ணிக் காத்திருக்காது என்று பெருந்தேவியார் அருளி, மற்றைய விலங்கையும் தம் கையாலேயே அவிழ்த்தார். என் மகளுக்குச் செய்த சத்தியத்தை அவளைப் பெற்றவளாக நான் மீட்டுக்கொள்கிறேன், சொல் என்றார். சேந்தி சொன்னவை இவை.

தமக்கையாருக்குச் சோகை கண்டது பங்குனியில். உதடும் நகக்கண்ணும் வெளுத்தன. ஆழ்கரை மன்னர் மூன்று நாட்டு மருத்துவரை அழைத்தார், மாமியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவும் துடித்தார். அவரைக் காலில் விழுந்து தடுத்தவர் தமக்கையாரே. காரணம், மண ஒப்பந்தத்தில் உள்ள ஒரு சொல். 'கொடுத்த பெண்ணின் முகம் வாடாதிருக்கும் வரை நுரையாற்றை இரு நாட்டுப் படையும் கடவா' என்பது அதன் வாசகம். முகம் வாடியதாக ஒரு செய்தி வந்தால் போதும் என்று தாங்கள் வாளைத் தீட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பௌர்ணமிதோறும் இங்கிருந்து முகம் காணச் சென்ற தூதர், மூன்று நாள் அங்கே தங்கி, விருந்துண்டு, நங்கையார் உதடு பவளமாகச் சிவந்திருக்கிறது என்று வந்து சொன்னார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அங்கே தெரிந்தது அரக்கின் அழகு.

தூதர் தங்கும் மூன்று நாளும் அசையாத சிவப்பு வேண்டும். இரவுதோறும் அவர் உறங்கச் சென்றதும் மருத்துவர் மெய்யான உதட்டைக் காண வேண்டும். அதனால் நிற்கும் மெழுகும் வேண்டும், புண்படுத்தாமல் களையும் எண்ணெயும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்துக் களைந்து பார்த்து எழுதிவைத்த கணக்குதான் அந்த ஏடு. முடிவில் மஞ்சிட்டி நெய்யை அடியில் தடவி அதன்மேல் செவ்வரக்கு என்றும், களைய உருக்கெண்ணெய் ஒன்றே என்றும் தேர்ந்தார்கள். எஜமானியும் பணிப்பெண்ணும் அதைக் கண்டுபிடித்த அன்று சிரித்தார்களாம்.

இளவரசே, முகம் வாடாதிருக்கும் வரை என்ற அந்தச் சொல்லை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னவர் பெருந்தேவியார். எழுதியவன் இந்த ஓலைநாயகம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் எந்தத் தாயும் சொல்லும் சொல் அது. மகள் அதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினாள். காப்பாற்றியதால், அம்மா என்று ஒரு வரி எழுதித் தாயைப் படுக்கையருகே அழைக்க அவளால் முடியவில்லை. இதைக் கேட்ட பெருந்தேவியார், என் வாயால் நானே என் மகளின் வாயைக் கட்டினேன் என்றார். இந்த வரியை எழுதச் சொன்னவர் அவர் அல்லர். படித்துக் காட்டியபோது நீக்கச் சொல்லவும் இல்லை.

எத்தனை நாள் இப்படி மறைப்பதாக உங்கள் எண்ணம் என்று கடைசியாகக் கேட்டார். சேந்தி சொன்னாள்.

"தினமும் விடிஞ்சதும் கேப்பாங்க தாயே, ஆத்துல தண்ணி ஏறிடுச்சான்னு. ஐப்பசி வெள்ளம் வர்ற வரைக்கும் என் உதடு சிவப்பா இருந்தாப் போதும்டி, அப்புறம் தை வரைக்கும் தம்பியால ஆத்தைத் தாண்ட முடியாது, அதுக்குள்ள அவன் கோவம் ஆறிடும், அவன் நல்லவன்டிம்பாங்க. நான் பொய்யாச்சும் ஏறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லாம விட்டுட்டேன்."

தமக்கையார் மறைந்த நாளுக்கும் ஐப்பசிப் பிறப்புக்கும் இடையே இருந்தவை பத்தொன்பது நாள். இன்னும் மழை இறங்கவில்லை. நுரையாற்றில் கணுக்காலளவு நீரே ஓடுகிறது என்று நேற்றைய ஒற்றரும் சொன்னார்.

ஆகவே திருவாணை. சேந்தி குற்றமற்றவள், அவள் மேல் கை வைப்பவர் பெருந்தேவியார் மேல் கை வைத்தவர். மண ஒப்பந்தத்தின் அந்தச் சொல் இன்றோடு அழிக்கப்பட்டது. முகம் எப்படி இருப்பினும் பகை இல்லை என்று ஆழ்கரை மன்னருக்கு வேறு ஓலை போகிறது. அவரும் மனைவியை இழந்தவர். அவர்மேல் எய்யவிருந்த அம்பைத் தூணியில் இடுக. படை கூடாரம் பெயர்த்துத் தலைநகர் திரும்புக. இதைக் கொண்டுவரும் தூதனுக்கு மறுமொழி எழுதிக் காலம் தாழ்த்த வேண்டா.

வெண்குன்ற முத்திரை இடப்பட்டது. மந்திரிமார் மூவர் உடனிருந்து ஒப்பினார்கள். எழுதினேன் ஓலைநாயகம் காரிச்சாத்தன்.

முத்திரை இட்டபின் பெருந்தேவியார் எழுத்தாணியை வாங்கித் தம் கையால் கீழே எழுதியது:

விடங்கா, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. வீட்டுக்கு வா.