முத்திரைக் கம்பி

அளியா, என் கூட்டாளி,

நீ போய் மூன்று மாதமாகிறது. இன்று காலை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மகளின் புது ஸ்கூட்டருக்குக் கறுப்புக் கயிறு கட்டினோம். மிச்சக் கயிற்றை நறுக்கச் சொல்லிக் கடைக்காரர் பிளேடை நீட்டினார். என்னால் வாங்க முடியவில்லை. "அப்பாவுக்கு எதுக்கு பேடி? பிளேடக் கண்டா பயமா?" என்று மகள் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் ஓடிய அந்தக் கார்ப் பந்தய சீசனில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை வண்டி. எஞ்சினை யாரும் திறக்காதிருக்க மெல்லிய கம்பி கோத்து ஈய முத்திரை வைத்துத் தருவார்கள். நான் ஓட்டினேன், நீ மெக்கானிக். ஐந்து பந்தயங்கள் முடிந்து நான் முன்னிலையில் இருந்தேன். ஆறாவதில் நான்காவதாக வந்தாலே பட்டம். பழவங்காடிக் கயிற்றை எஞ்சினில் கட்டாமல் வண்டியை நகரவிட மாட்டாய் நீ. பிரேக்கை ஒருதரம் பார்ப்பாய், கயிற்றை மூன்றுதரம் பார்ப்பாய்.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்குப் புதிதாக வந்த பரிசோதகர், "கயிறெல்லாம் கூடாது, பத்து நிமிஷத்துல எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ டயர் எடுக்கப் போயிருந்தாய். முடிச்சு இறுகிக் கிடந்தது. எனக்குப் பொறுமை ஏது? கட்டிங் பிளேயரை எடுத்து ஒரே வெட்டு. கயிற்றோடு முத்திரைக் கம்பியும் அறுந்தது.

முத்திரையில் ஓட்டுநர் கைவைத்தால் சீசன் புள்ளிகள் அத்தனையும் போகும். மெக்கானிக் கைவைத்தால் அவருக்கு ஆயுள் தடை. வண்டி கடைசியிலிருந்து புறப்படலாம். இரண்டும் நமக்கு மனப்பாடம். நீ வந்து பார்த்தாய். என் கையிலிருந்த பிளேயரைப் பிடுங்கினாய்.

"எடே, நீ ஹெல்மெட்ட மாட்டு. நான்தான் வெட்டினேன்னு போய் பறஞ்சுக்கிடுதேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசி ஆளாகக் கிளம்பி ஒவ்வொருவராகத் தாண்டினேன். இறுதிச் சுற்றில் ஐந்தாவது. கடைசி வளைவில் முன்னால் போனவன் சற்றே விலக, உள்ளே புகுந்துவிட்டேன். நான் கோப்பையைத் தூக்கியபோது நீ வேலிக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருந்தாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வலியசாலை வீட்டுக்கு வந்தேன். காபி கொடுத்துவிட்டு உன் மனைவி சொன்னாள்: "அண்ணே, அந்தக் கம்பிய மட்டும் அவிய வெட்டாம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பாவ. கேட்டா, தப்பு என் பக்கம்லான்னு சிரிப்பாவ."

அவளிடம்கூட நீ சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா, அவனுக்கு எப்பவும் கை அவசரம்தான்" என்றேன்.

இந்தக் கடிதத்தை நான் அவளுக்கல்லவா எழுதியிருக்க வேண்டும்?