நாற்பத்தெட்டாவது பத்தி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ உடனே போன் செய்வாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும். அதனால்தான் கடிதம்.

நேற்றுப் பேப்பரில் உங்கள் போக்குவரத்துக் குழுவின் விளம்பரம் பார்த்தேன். தேசியப் போக்குவரத்துக் கொள்கையை நாடாளுமன்றம் ஆராயப் போகிறதாம், பொதுமக்களும் எழுதி அனுப்பலாமாம். அடியில் குழுச் செயலர் என்று உன் பதவி. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டடத்தில் உன் தம்பி என்னதான் செய்கிறான் என்று கேட்டவர்களிடம் "ஏதோ பேப்பர் வேலை" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இப்போது அந்தப் பேப்பர் எனக்கு வேண்டும்.

இத்துடன் குழுவுக்கு ஒரு மனு அனுப்புகிறேன், அதோடு எங்கள் டிப்போவின் டூட்டி ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். பஸ் கவிழ்ந்த நாளின் பக்கம். உன் அத்தான் முதல் நாள் இரவு பதினோரு மணிக்கு வண்டியை விட்டு இறங்கினார். விடிகாலை நாலுக்கு மறுபடி ஏறினார். பன்னிரண்டுக்கு இறங்க வேண்டியவரை மூன்றாவதாக இன்னொரு டிரிப் அனுப்பினோம். மூன்றரை மணிக்குப் பாலத்து வளைவில் கண் சொருகிவிட்டது. மூன்று பேர் போனார்கள். அவருக்கு இடுப்பு போனது, அடுத்து வேலை போனது. உத்தரவில் காரணம் ஒரே வரி: "ஓட்டுநரின் கவனக்குறைவு".

உங்கள் கொள்கையில் இரண்டு டூட்டிக்கு நடுவே எட்டு மணி நேர ஓய்வு என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே மாற்று டிரைவர் பணியிடங்கள் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். மாற்ற ஆள் இல்லாமல் ஓய்வு எங்கிருந்து வரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அந்த மூன்றாவது டிரிப்புக்கு எதிரே உள்ள கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். நான் டைம்கீப்பர், எந்த வண்டியை யார் ஓட்டுவது என்று எழுதுகிறவள். ரிஜிஸ்டரில் டிரைவர் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதுதான் எங்கள் சட்டம். "யாரையாவது எழுதுங்கம்மா, வண்டி நிக்குது" என்றார் மானேஜர். எதிரே டிபன் பாக்ஸோடு நின்றது என் புருஷன். "ஒரே ஒரு டிரிப்பு, போய்ட்டு வந்துடுங்க" என்றேன். போனார்.

எட்டு மாதமாகத் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சு கிடையாது. கடைக்குப் போனால் "தூங்குமூஞ்சி டிரைவர் வீட்டம்மா" என்று காதுபடச் சொல்கிறார்கள். அந்த ஒரு வரி பொய் என்று யாராவது அச்சில் எழுத வேண்டும். வேலை நீக்கத்தை எதிர்த்து அப்பீல் போட வேறு எதுவும் எங்கள் கையில் இல்லை.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் மனுவும் கிடைத்தன. மனு 112ஆம் எண்ணில் பதிவாகியுள்ளது. மேற்படி மனுதாரர் என் உடன்பிறந்தவர் என்பதைத் குழுத் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். "யாரோடதா இருந்தா என்ன, பேப்பர்னா பேப்பர்தான்" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மனுவில் பெயரையும் கையெழுத்தையும் மறைத்து அச்சிட வழி இருக்கிறது. நீ இன்னும் டிப்போவில் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாய். வீடு ஓடுவது உன் ஒரு சம்பளத்தில். அத்தானை அந்த வரியிலிருந்து தூக்கப் போய் நீ அதில் விழுந்துவிடக் கூடாது.

இங்கே எழுதுவது நான், பேசுவது உறுப்பினர்கள். இதைப் புரிந்துகொள். அத்தான் மாடிப்படி ஏறிப் பழகுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

என் கையெழுத்தின்மேல் மை பூசினால் உன் கையை முறிப்பேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று உங்கள் விசாரணையை டிப்போ கேண்டீன் டிவியில் பார்த்தோம். நான், இரண்டு மெக்கானிக்குகள், டூட்டி முடிந்த ஒரு கண்டக்டர். போக்குவரத்துத் துறைச் செயலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எட்டு மணி நேர ஓய்வு இல்லாம எந்த டிரைவரும் வண்டி எடுக்கறதில்ல. அப்படி ஒரு பதிவே எங்ககிட்ட இல்ல." கண்டக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாங்கள்லாம் யாரு?" என்றார்.

அவருக்கு நாலடி தள்ளி, தலைவர் பக்கத்தில், நீ உட்கார்ந்திருந்தாய். உன் முன்னால் கோப்பு. அதில் என் பக்கம். நீ தலையை நிமிர்த்தவே இல்லை, உன் வழுக்கைதான் தெரிந்தது. நர்ஸாக இருந்து உறுப்பினரான அந்த அம்மா மட்டும் "உங்க பதிவுல இல்லையா, இல்ல நீங்க பார்க்கலையா?" என்று கேட்டார். நேரம் முடிந்தது என்று தலைவர் மணியடித்தார். நீ எழுதிக்கொண்டே இருந்தாய். என்ன எழுதினாய்? மணியடித்த நேரத்தையா?

சின்ன வயதில் என் தட்டில் பங்கு குறைந்தால் ஊரைக் கூட்டுவாயே, அந்த வாய் எங்கே போனது? சம்பளத்தோடு சேர்த்து அதையும் அடகு வைத்துவிட்டாயா? மனு அனுப்பியது தெரிந்து மானேஜர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுவாவது ஒரு லாபம்.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. அறிக்கை வரைவு முடிந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சபையில் வைக்கும்வரை நான் மூச்சு விடக் கூடாது. சொன்னால் சபை உரிமை மீறல், என் வேலை மட்டும் போகாது, அறிக்கையே செல்லாது என்று கிளப்பிவிடுவார்கள். அதனால் ஜூன் வரை எழுத மாட்டேன். போனும் எடுக்க மாட்டேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கம்வரை படி.

தம்பி

*

ஜூன் 21

குழுச் செயலர் அவர்களுக்கு,

அறிக்கை வந்தது. லீவு போட்டு, நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முன்னுரை, நன்றியுரை, அமைச்சகத்துக்குப் பாராட்டு, நிழற்குடை, நிழற்குடைக்குப் பெயிண்ட். டிரைவர் ஓய்வு என்ற அத்தியாயத்தைத் தேடிப் பிடித்தேன். நாற்பத்தேழாவது பத்தியில் "ஓய்வு விதிகள் போதுமானவை". அதற்கு அடுத்தது நாற்பத்தொன்பது, அதில் சீருடைத் துணி. நாற்பத்தெட்டைக் காணோம். பத்தொன்பது வருடம் பேப்பர் வேலை பார்த்த உங்களுக்கு ஒழுங்காக எண்ணக்கூட வரவில்லை. அதற்கு மேல் படிக்க எனக்குத் தெம்பில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் கையில் புத்தகம் இல்லாததைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்நியன் ஒருவன் அதைச் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். நம்பிக் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் வயிறு எரிகிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இனி எழுத வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். அவரை "அத்தான்" என்று கூப்பிடும் வாயை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்கீப்பர்,
மனு எண் 112

*

ஜூலை 1

அக்கா,

எழுதாதே என்றாய். முதல் தடவையாக உன் பேச்சை மீறுகிறேன். எனக்கும் கோபம் வரும். கடைசிப் பக்கம்வரை படி என்று எழுதினேன், நீ பாதியில் மூடிவிட்டு என் வழுக்கையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இப்போது அறிக்கை சபைக்கு வந்துவிட்டது, நான் பேசலாம். வரைவில் நாற்பத்தெட்டாவது பத்தி உன்னுடையது. உன் பக்கத்தை வைத்து நான்தான் எழுதினேன். தலைவர் படித்தார். அன்று நல்ல மனநிலை இல்லை. "இது வேணாம். எடுத்துட்டு மத்ததை மெம்பர்களுக்கு அனுப்புங்க" என்றார். வரைவு அவர் பெயரில் போவது, எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். உறுப்பினர்கள் பார்ப்பதற்கு முன்னால் எடுத்த பத்திக்குச் சுவடே இருக்காது. இங்கே இப்படிக் காணாமல் போன பத்திகளை வைத்து ஒரு நூலகம் கட்டலாம்.

எடுத்தேன். ஆனால் பின்னால் வந்த எண்களை மாற்றவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது என்றே அனுப்பினேன்.

பதினோரு பேரில் பத்துப் பேர் கவனிக்கவில்லை. அந்த நர்ஸம்மா விரலை வைத்துப் படிப்பவர். "நாப்பத்தெட்டு எங்க?" என்றார். "அச்சுப் பிழைம்மா" என்று தலைவர் சிரித்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "பிழையா சார்?" என்று கேட்டார். உறுப்பினர் நேராகக் கேட்டால் செயலர் பொய் சொல்லக் கூடாது, அதுவும் எங்கள் சட்டம்தான். "இல்லைம்மா, ஒரு பத்தி இருந்துச்சு" என்றேன்.

அவர் அந்தப் பத்தியை வாங்கி, இதைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு. நாலு பேர் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. தோற்றது. ஆனால் ஓட்டில் தோற்ற பத்தியைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் முழுதாக அச்சடித்தே தீர வேண்டும், யார் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியலோடு. அது அறிக்கையின் வாலில் இருக்கும். பக்கம் 163. போய்ப் பார். அதை அப்பீலில் கொடு. சபை அச்சடித்த காகிதத்தைப் பதிவில் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

கடைசிப் பிரதியில் எண்களைச் சரிசெய்யும்படி எனக்கு யாரும் எழுத்தில் உத்தரவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

"எண் வரிசையில் அலட்சியம்" என்று என்னைத் தளவாடப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாடாளுமன்றத்து நாற்காலிகளுக்கு எண் ஒட்டுகிறேன். நேற்று 640 வரை வந்தேன். எதையும் விடவில்லை.

ஒரு தப்பு செய்தேன். பத்தியில் உன் பெயரைப் போடாமல் "பணிமனை ஊழியர் ஒருவர்" என்று எழுதினேன். மை பூசவில்லை, மழுப்பினேன். அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

*

ஜூலை 14

தம்பி,

மறுபடி நூலகத்துக்குப் போனேன். 163ஆம் பக்கத்தை நகலெடுத்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். "ஐந்து மணி நேரமே ஓய்வு பெற்று, அதன்பின் பதினொன்றரை மணி நேரம் பணியில் இருந்த மனிதர் ஒருவரின் உறக்கத்தைக் கவனக்குறைவு என்று அழைப்பது, அவரை அனுப்பியவர்களின் பொறுப்பை மறைப்பதாகும்." நீ எழுதியதா இது? இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்த நாலு பேருடைய பெயரையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "ரிஜிஸ்டர்ல ஊழியர் ஒருவர் எழுதினார்னு போட்டிருக்கே. அது யாருன்னு ஏன் போடலை?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை.

"எனக்குத் தெரியாதா? உன் கையெழுத்து தெரியாமலா குடும்பம் நடத்தறேன்?" என்றார். "நீ எழுதினே. நான் சரின்னு ஏறினேன். முடியலைன்னு சொல்லியிருக்கலாம், சொல்லலை. உன் தம்பி அதையும் சேர்த்து எழுதியிருக்கணும்." அதற்குப் பிறகு நான் அழுதேன், அவர் அழவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பீலுக்கு அந்தப் பக்கத்தோடு, எழுதியது நான் என்று பெயர் போட்டு இன்னொரு காகிதமும் வைத்துவிட்டோம். அதனால் உன் மழுப்பல் வீண். உன்மேல் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, நேரில் வா, தீர்த்துக்கொள்ளலாம். ஜூன் மாதக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் "நீங்கள்" என்று எழுதியதுதான் இப்போது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இனி, டூட்டி நேரத்தில் நான் ஏன் வீட்டிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை மூன்றாவது டிரிப்புக்கு ஆள் இல்லை. மானேஜர் வந்து, "யாரையாவது எழுதுங்கம்மா" என்றார். அறிக்கை வந்தும் இதே வார்த்தை. எதிரே நின்ற டிரைவர் முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு வண்டியை விட்டு இறங்கியவர், கண் இரண்டும் சிவந்திருந்தது. எழுதினால் ஏறியிருப்பார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பஸ் நின்றது. ஐம்பத்திரண்டு பேர் ஜன்னலுக்கு வந்து என் தலைமுறையையே திட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் போக வேண்டிய இடம் இருக்கிறது. திட்டு வாங்க வேண்டியவர்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து நிழற்குடைக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுக்கிறார்கள். மாலையில் மெமோ வந்தது. தற்காலிகப் பணிநீக்கம். காரணம்: "டைம்கீப்பரின் கவனக்குறைவு". வேறு வார்த்தையே அவர்களிடம் இல்லை போலிருக்கிறது.

மெமோவை அவரிடம் கொடுத்தேன். சம்பளம் நின்றுவிடுமே, என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பார் என்று நினைத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினாரா?" என்று கேட்டார்.

தூங்கினாராம் என்றேன்.

உன் அக்கா